பைபிள் அடிமைமுறையை ஆதரிக்கிறதா? டேனிஷ் மிஷன் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பந்திச் சண்டை

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் ஸ்கூல் எங்கே என்று கேட்டால் யாரும் சட்டென்று கை காட்டிவிடுவார்கள். படித்தவர்கள், பரீட்சை எழுதப் போனவர்கள் என்று அந்தப் பெயர் பழகாதவர்கள் குறைவு. ஆனால் அண்ணாமலையார் கோயிலுக்கும் கிரிவலத்துக்கும் ரமணாசிரமத்துக்கும் பேர்போன ஊரில் டென்மார்க்காரர்களுக்கு என்ன வேலை என்று யோசித்தவர்களும் குறைவுதான். அந்தக் கதையைத் தோண்டிக்கொண்டே போனால், ஒரு பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டையில் போய் நிற்கும்.

மதம் பற்றிய பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒருவர் "பைபிள்லயே அடிமைமுறை இருக்கே, அப்புறம் என்ன சமத்துவம்?" என்பார். இன்னொருவர் "கிறிஸ்தவத்துல சாதியே கிடையாது, எல்லாரும் சமம்" என்பார். இரண்டு பேரும் ஆதாரத்துக்கு வசனம் காட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால், இரண்டு பேர் காட்டும் வசனமும் நிஜமாகவே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

அட்வான்ஸ் வாங்கியவனின் சட்டம்

பழைய ஏற்பாட்டில் அடிமை என்றதும் அமெரிக்கப் பருத்தித் தோட்டம் மனதில் வந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி கடனுக்காக அடிமையாவது. கடன் வாங்கியவர் செத்துப்போக, கடன் கொடுத்தவர் பிள்ளைகளை இழுத்துப் போக வருகிறார் என்று ஒரு விதவை அழுகிற காட்சி ராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் உண்டு. திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை இந்தப் பகுதி நிறையவே பார்த்திருக்கிறது.

அந்தப் பழைய சட்டம் சொல்வது இதுதான்: எபிரேய அடிமை 6 வருஷம் வேலை செய்தால் போதும், 7-வது வருஷம் விட்டுவிட வேண்டும். விடும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆடு, தானியம், திராட்சை ரசம் கொடுத்து அனுப்ப வேண்டும். தப்பி ஓடிவந்த அடிமையை எஜமானிடம் பிடித்துக் கொடுக்கக் கூடாது. ஆளைத் திருடி விற்றால் மரண தண்டனை. இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை என்று 2016-ல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தபோது, பணத்தின் பெரும்பகுதியை எஜமான் மீதான வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 'வெறுங்கையோடு அனுப்பாதே' என்ற பழைய விதி அந்த ஒரு விஷயத்தில் நம் திட்டத்தைவிட வேகமாக இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். அதே சட்டத்தில், எஜமான் கல்யாணம் செய்துவைத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். புருஷன் மட்டும் தனியாக வெளியே போகலாம். அந்நியர்களை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதியும் வைக்கலாம் என்று லேவியராகமம் சொல்கிறது. 7 வருஷக் கணக்கு அவர்களுக்குக் கிடையாது. 'அந்தக் காலத்து மற்ற சட்டங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்' என்று பதில் வரும். இருக்கலாம். விற்கப்பட்டவருக்கு அந்த ஒப்பீட்டால் என்ன பிரயோஜனம்?

25 வசனம், இரண்டு தரப்பு

புதிய ஏற்பாட்டில் சங்கதி இன்னும் சிக்கல். பவுல் எழுதிய கடிதங்களில் மிகச் சின்னது பிலேமோனுக்கு எழுதியது. மொத்தமே 25 வசனம். ஒநேசிமு என்கிற அடிமை எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்து, சிறையில் இருக்கும் பவுலிடம் வந்து கிறிஸ்தவராகிறார். பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார், கையில் ஒரு கடிதத்தோடு. இனி அவரை அடிமையாக இல்லாமல் சகோதரனாக ஏற்றுக்கொள், ஏதாவது பாக்கி இருந்தால் என் கணக்கில் எழுது என்பது கடிதத்தின் சாரம். 'விடுதலை செய்' என்று நேரடியாக ஒரு வார்த்தை இல்லை.

இந்த இடைவெளிதான் பின்னால் பெரிய வினையாகிப்போனது. அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்த போதகர்கள், ஓடிவந்த அடிமையைப் பவுலே திருப்பி அனுப்பினார் பாருங்கள் என்று இதைத்தான் காட்டினார்கள். எதிர்த்தவர்களும் இதே கடிதத்தைக் காட்டி, சகோதரனை யாராவது விலைக்கு விற்பார்களா என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், 1807-ல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று தனியாக ஒரு பைபிள் அச்சடித்தார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறும் கதை அதில் வெட்டப்பட்டிருந்தது. எந்தப் பக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அடிமை வியாபாரிகளுக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

தமிழில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. எபேசியருக்கு எழுதிய கடிதத்தில், எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குச் சொல்லும் பகுதி இருக்கிறது. சபைகளில் பரவலாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'அடிமை' இல்லை, 'வேலைக்காரர்' என்று இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரன் என்ற வித்தியாசம் இல்லை என்று சொல்லும் இடத்தில் மட்டும் 'அடிமை' என்றே வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். ஆக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்கு, சமத்துவம் அடிமைகளைப் பற்றியது, கீழ்ப்படிதல் வேலைக்காரர்களைப் பற்றியது என்று தோன்றினால் அது அவர் தப்பில்லை.

அந்தக் கலாத்தியர் கடிதத்தைத்தான் எல்லோரும் சமத்துவத்துக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். யூதன், கிரேக்கன் வித்தியாசம் இல்லை, அடிமை, சுதந்திரன் வித்தியாசம் இல்லை, ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஒரு நல்ல போஸ்டர் வாசகம் மாதிரி அதை மட்டும் எடுத்து மாட்டிவிடுகிறோம். ஆனால் அது எந்தச் சண்டையில் பிறந்தது என்று ஒரு பக்கம் முன்னால் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தியோகியாவில் யூதர் அல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பேதுரு. எருசலேமிலிருந்து சில முக்கியஸ்தர்கள் வந்ததும் மெல்ல எழுந்து தள்ளி உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். பேதுரு தன் கொள்கையை மாற்றிக்கொண்டதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். அதற்கே அந்தக் கோபம். சமத்துவ வசனம் அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாக வருகிறது.

சொந்தக்காரர் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறவரைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தரங்கம்பாடியின் முதல் ஐந்து பேர்

டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். அடுத்த வருஷம் மே 12-ம் தேதி அவர் நடத்திய முதல் ஞானஸ்நானத்தைப் பெற்றவர்கள் 5 பேர். அந்த 5 பேரும் அங்கிருந்த டேனிஷ்காரர்களின் அடிமைகள். இந்தியாவின் புராட்டஸ்டன்ட் சபை அடிமைகளோடுதான் தொடங்கியது. எஜமானும் கிறிஸ்தவர், அடிமையும் கிறிஸ்தவர் என்ற பிலேமோன் கடிதத்தின் நிலைமை, அந்தக் கடிதம் தமிழில் அச்சாவதற்கு முன்பே தரங்கம்பாடியில் வந்துவிட்டது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1714-15-ல்.

பிறகு வெள்ளாளர்களும் மற்றவர்களும் சேரச் சேர, கோயிலுக்குள் உட்காரும் இடம் பிரிந்தது. தஞ்சாவூரிலும் அப்படியே. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான வேதநாயகம் சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகள் சாதிப் பழக்கங்களை விடச் சொன்னபோது அதை எதிர்த்து எழுதினார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் இனி கூடவே கூடாது என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் எதிர்ப்பு கிளம்பி, பல குடும்பங்கள் வெளியேறின. அதில் பலரும் பின்னால் லுத்தரன் சபைக்குப் போனார்கள்.

ஏனென்றால் அங்கே கதவு திறந்திருந்தது. தரங்கம்பாடி வேலையைத் தொடர வந்த லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லத்தான் மாறும், வலுக்கட்டாயம் வேண்டாம் என்ற கட்சி. இந்த மனிதர் யார் தெரியுமா? திருக்குறளை ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும் கொண்டுபோனவர். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்ற குறளைக் கட்டாயம் கடந்துதான் வந்திருப்பார். படித்ததற்கும் பந்திக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1850-ல் சென்னையில் கூடிய மற்ற மிஷன்கள் வேறு வழி பிடித்தன. வசனம் ஒப்புவிப்பது போதாது, பறையர் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிடத் தயாரா என்பதுதான் சோதனை என்று முடிவெடுத்தன. லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. ஆனால் அந்த மிஷனுக்குள்ளேயே ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி இந்த ஒரே பிரச்சினைக்காக மிஷனோடு முறித்துக்கொண்டு வெளியே வந்தார். கடலூர் பக்கம் பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை ஆரம்பித்தார். 1860-களின் முதல் பாதியில் அவரோடு கைகோத்ததுதான் டேனிஷ் மிஷனரி சங்கம். அங்கிருந்து உள்ளே உள்ளே நகர்ந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை வரை வந்தது அந்த வேலை. அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், ஊரில் எல்லோரும் கை காட்டும் அந்தப் பள்ளியும்.

ஓக்ஸ் சாதியைத் தோற்கடித்துவிட்டாரா? இல்லை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார். "ஆண்டவர் முன்னாடி எல்லாரும் சமம்தானே" என்பது யாருக்கும் செலவு வைக்காத வாக்கியம். வெள்ளாளரும் சொல்வார், கிரவுலும் சொல்வார். பவுல் பிலேமோனிடம் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்: அமைப்பு அப்படியே இருக்கட்டும், உறவு மாறட்டும். அது மாறும் என்று அவர் நம்பினார். தமிழ்நாட்டின் முந்நூறு வருஷ அனுபவத்தில் பெரும்பாலும் உறவுதான் அமைப்புக்கு ஏற்றபடி வளைந்திருக்கிறது. அந்தியோகியா பந்தியில் நின்ற பவுல்தான் இந்த மண்ணுக்குத் தேவைப்பட்டார். நமக்குக் கிடைத்ததோ அதிகமும் பிலேமோனுக்குக் கடிதம் எழுதிய பவுல்.

கத்தோலிக்கர்கள் பக்கமும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக, கால்சட்டை மாதிரி இரண்டு கால் விட்டுக் கோயிலே கட்டினார்கள். 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் நடுத்தடுப்பை எடுத்தபோது வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் நின்றது.

ஏறையூர், 2008

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே இருக்கிறது ஏறையூர். பழைய பங்கு, பெரிய கோயில். தனி இருக்கை, தனி கல்லறை, சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போகலாம் என்பது வரை தலித் கிறிஸ்தவர்கள் வருஷக்கணக்கில் புகார் சொன்னார்கள். கடைசியில் தங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9-ல் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் 2 பேர் இறந்தார்கள். கவனிக்க வேண்டியது கோரிக்கையின் வடிவம். எங்களையும் சேர்த்து உட்கார வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள், தனியாகவாவது விடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

யாக்கோபின் கடிதத்தில் ஒரு காட்சி வரும். பொன் மோதிரம் போட்டவர் கூட்டத்துக்கு வந்தால் நல்ல இடம், அழுக்கு உடை போட்டவர் வந்தால் நில் அல்லது கீழே உட்கார். இப்படிச் செய்வது பாவம் என்று வெளிப்படையாகவே அங்கே எழுதியிருக்கிறது. அடிமைமுறை பற்றி பைபிள் குழப்புகிறது என்று சொல்லலாம். சீட் விஷயத்தில் அது குழப்பவே இல்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். நல்லதுதான். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் சாதிப் பாகுபாடு என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் அங்கே நோட்டீஸ் உத்தரவானதும் இதே காலத்தில்தான்.

செருப்பு தைத்தவருக்கு மறுக்கப்பட்ட பெட்டிக்கடை

இங்கே அரசும் ஒரு வேடிக்கை செய்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சென்னைத் தெருவோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். சூசை வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்று சொல்லி மனுவை ஏற்கவில்லை. மாறிய மதத்தில் தலைகீழாக எதுவும் மாறிவிடாமல் அதே தெருவில் அதே ஊசியோடு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்ட கேள்வி இது.

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது, அதனால் சலுகையும் கிடையாது என்பதுதான் எதிர்ப்பவர்கள் முன்வைக்கும் முக்கிய வாதம். கலாத்தியர் கடிதத்தின் வசனத்தை, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கு எதிராகவே திருப்பிப் படிப்பது மாதிரி இருக்கிறது இது. ஒரு மதம் என்ன போதிக்கிறது என்பது இறையியல் பாடம். அந்த மதத்துக்குள் ஒருவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதுதான் அரசு பார்க்க வேண்டிய கணக்கு. நாராயணசாமி, மரியசூசை என்று பெயர் எதுவானாலும் டீக்கடைக்காரருக்கு எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-ல் தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது நியாயமே. மத்திய அரசு இதை ஆராய 2022-ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது.

சபைகளும் இந்தக் கோரிக்கைக்குப் பலமாகக் குரல் கொடுக்கின்றன. கொடுக்கட்டும். ஆனால் டெல்லியில் போய் எங்கள் மக்கள் இன்னும் ஒடுக்கப்படுகிறார்கள் என்று மனு கொடுக்கும்போது, ஒடுக்குவது யார் என்ற அடுத்த கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிலின் ஒரு பகுதி பங்கு கமிட்டியிலும், திருவிழாவில் தேர் போகும் தெருவிலும், கல்லறைச் சாவியிலும் இருக்கிறது. இவற்றை மாற்ற எந்த ஆணையத்தின் அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2023 ஜனவரி 30-ம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், மாவட்ட ஆட்சியர், எஸ்பி முன்னிலையில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல்முறையாகப் போனார்கள். பல தலைமுறை காத்திருந்த நாள். எதிர்ப்பு இருந்தது, போலீஸ் காவல் இருந்தது, ஆனால் பின்னால் சட்டம் நின்றது. இதே மாதிரி ஒரு பிரச்சினை ஒரு தேவாலய வாசலில் வந்தால்? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு மதம் பார்க்காமல்தான் தீண்டாமையை ஒழிக்கிறது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகும் தலித் கிறிஸ்தவர் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கேட்க முடியாது. ஆவணத்தில் அவர் பட்டியல் சாதி இல்லை, பிற்படுத்தப்பட்டவர். எதிரே இருப்பவரும் பெரும்பாலும் அதே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருப்பார். சாதிச் சான்றிதழ்படி இரண்டு பேரும் சமம்.